ஆறு மணி ஆட்டம்

ஊரில் சாமி சாட்டிவிட்டார்கள் என்ற செய்தி எனக்குச் சின்னாளபட்டி ஜவுளிக்கடையில் வைத்துத்தான் தெரிந்தது. ஒரு அம்மாவுக்குச் சுங்குடிச் சேலைகளை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அவருக்கு எதுவும் பிடிக்கவில்லை. நடுவில் போன் அடித்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் கால்பந்து டீமுக்கு நான் கேப்டன், அவள் கோல்கீப்பர். "அக்கா, கொட்டடிச்சுட்டாங்க" என்றாள். விரித்த சேலையை அப்படியே போட்டுவிட்டுக் கடைக்கு வெளியே வந்து நின்றேன். யாரையாவது திட்ட வேண்டும் போல இருந்தது. ஆத்தாளைத் திட்ட முடியாது. கோயில் கமிட்டியைத் திட்டலாம் என்றால் அதில் என் பெரியப்பாவும் இருக்கிறார்.

மாரியம்மன் திருவிழாவுக்கு நாள் குறித்து ஊருக்குள் கொட்டடித்துச் சொல்வதைத்தான் சாட்டுவது என்கிறோம். அந்தக் கொட்டுச் சத்தம் கேட்கும்போது ஊருக்குள் யாரெல்லாம் இருந்தார்களோ அவர்கள் எல்லாரும் கட்டுப்பட்டவர்கள். திருவிழா முடிகிற வரைக்கும் பகலில் எங்கே வேண்டுமானாலும் போய் வரலாம். ராத்திரியில் மட்டும் எல்லைக்குள் இருக்க வேண்டும். வெளியூரில் ராத்தங்கக் கூடாது. சாட்டும்போது வெளியே இருந்தவர்களுக்கு இந்தக் கட்டு இல்லை. அதனால் கட்டாயம் வெளியூர் போக வேண்டியவர்கள் முன்கூட்டியே எல்லையைத் தாண்டிப் போய் நின்றுகொள்வார்கள். நானும் அப்படித்தான் கணக்குப் போட்டிருந்தேன். வழக்கமாகச் சாட்டுகிற செவ்வாய்க்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அன்றைக்கு டீமை மொத்தமாகக் கூட்டிக்கொண்டு ஆத்தூர்ப் பக்கம் போய்ப் பிராக்டீஸ் பண்ணுவது என்று ஏற்பாடு. பிள்ளைகளுக்குப் பரீட்சை வருகிறதே என்று கமிட்டியில் திருவிழாவை ஒரு வாரம் முன்னால் நகர்த்திவிட்டார்கள். நகர்த்தியதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. வீட்டுக்கு வீடு ஆண்களுக்குச் சொன்னார்களாம்.

எங்கள் பெண்கள் அந்த நேரத்தில் வறண்ட கண்மாய்க்குள் பந்து விளையாடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். கொட்டுக்காரர்கள் கரை வழியாகவே வந்திருக்கிறார்கள். ஆட்டத்தை நிறுத்திவிட்டு எல்லாரும் கன்னத்தில் போட்டுக் கும்பிட்டார்களாம். காதில் விழவில்லை என்று சொல்லக்கூட வழி இல்லாமல் பண்ணிவிட்டார்கள். பதினோரு பேரில் கொட்டுச் சத்தம் கேட்காதவள் நான் ஒருத்திதான். அதாவது, வெளியூரில் ராத்தங்க உரிமை உள்ளவள் நான் ஒருத்திதான். நான் ஒற்றை ஆளாய் நின்று யாரோடு ஆடுவது?

ராத்தங்காமல் எங்களால் லீக் ஆட முடியாது. அதுதான் பிரச்சினை. நத்தம், எரியோடு, ஆத்தூர், ஒட்டன்சத்திரத்துக்கு மேற்கே என்று சுற்றுவட்டாரத்திலிருந்து ஆறு பெண்கள் அணிகள் சேர்ந்த லீக் அது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் இருப்பார்கள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு வருகிறவர்களும் இருப்பார்கள். எல்லா ஆட்டமும் திண்டுக்கல் டவுனில் ஒரே மைதானத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு. எட்டு மணிக்கு ஆண்கள் ஆட்டம் ஆரம்பித்துவிடும். அதற்குள் நாங்கள் ஆடி முடித்து, வேர்வையைத் துடைத்து, இடத்தைக் காலி பண்ணிவிட வேண்டும். எங்கள் ஊர் முதல் பஸ் டவுன் போய்ச் சேரவே ஏழாகிவிடும். அதனால் சனிக்கிழமை சாயங்காலமே போய் மைதானத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூட வகுப்பறையில் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டுப் படுப்போம். வெளியூர் அணிகள் எல்லாம் அப்படித்தான். கொசு பிடுங்கும். கக்கூஸுக்குப் பூட்டுப் போட்டிருக்கும், சாவி வாட்ச்மேனிடம் இருக்கும், வாட்ச்மேன் எங்கே இருப்பார் என்று யாருக்கும் தெரியாது.

ஒரு சீசனில் இரண்டு தடவை ஆட்டத்துக்கு வராவிட்டால் அணியின் பெயரை அடித்துவிடுவார்கள். எங்களுக்கு ஏற்கெனவே ஒன்று விழுந்திருந்தது. எங்கள் அணியில் ஏழு பேர் ஒரே வகையறா. ஒரு கல்யாணம் வந்தால் டீமே பந்தியில் உட்கார்ந்துவிடும். தை மாதத்தில் அப்படி ஒரு ஞாயிறு போனது. இனி ஒன்று தவறினால் அவ்வளவுதான். மூன்று வருடமாக வீடு வீடாகப் போய், இந்தப் பிள்ளையின் அப்பாவிடமும் அந்தப் பிள்ளையின் அண்ணனிடமும் கெஞ்சி, பையன்கள் கிரிக்கெட் ஆடி முடிக்கிற வரைக்கும் கரையில் காத்துக் கிடந்து சேர்த்த டீம். அது ஒரு கொட்டுச் சத்தத்தில் போய்விடும் என்றால் வயிறு எரியாதா?

மறுநாள் லீக் செயலாளருக்குப் போன் பண்ணினேன். அந்த ஒரு ஆட்டத்தை மட்டும் ஒன்பது மணிக்கு வைத்துக் கொடுங்கள், முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறோம் என்று கேட்டேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, சிரித்துக்கொண்டேதான் பேசினார். எட்டு மணிக்கு ஆண்கள் ஆட்டம் இருக்கிறது, அதற்கு மேல் தள்ளினால் அவர்களுக்கு வெயில் ஏறிவிடும் என்றார். எங்களை விடிகாலையில் ஆடவிடுவது எங்கள் நல்லதுக்குத்தான், வெயில் படாது, வேடிக்கை பார்க்கக் கண்டவனும் வரமாட்டான் என்றார். சாமி விஷயத்தில் நான் என்னம்மா பண்ண முடியும் என்று முடித்துக்கொண்டார். எதிர் அணி ஒட்டன்சத்திரத்துக்கு மேற்கே ஒரு ஊர்ப் பெண்கள். அவர்கள் எங்களைவிட தூரம், அவர்களே வருகிறார்கள், உங்களுக்கு என்ன என்று ஒரு குட்டும் வைத்தார்.

சாயங்காலம் கடையிலிருந்து நேராகக் கோயிலுக்குப் போனேன். கமிட்டிக்காரர்கள் பந்தல்காரரோடு பேசிக்கொண்டிருந்தார்கள். ராத்தங்க வேண்டாம், விடிகாலையில் நாலு மணிக்கு வண்டி பிடித்துப் போகிறோம், மத்தியானமே திரும்பிவிடுவோம் என்றேன். அவர்களுக்குள் பேச்சு வளர்ந்தது. நாலு மணி ராத்திரியா, காலையா என்று ஒருவர் கேட்டார். சேவல் கூவிவிட்டால் காலைதான் என்று ஒருவர். எங்கள் வீட்டுச் சேவல் ரெண்டு மணிக்கே கூவுகிறது என்று இன்னொருவர். கடைசியில் பெரியப்பா தீர்த்துச் சொன்னார். "இருட்டோட எல்லையத் தாண்டுனா ராத்தங்குன கணக்குதான். வெளுத்தப்புறம் போ, யாரு வேணாங்குறா."

ஊர் எல்லை என்பது ஓடைப் பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் முழுக்க மல்லிகைத் தோட்டம். எங்கள் ஊர்ப் பெண்களில் பாதிப்பேர் தினமும் மூன்று மணிக்கு நெத்தியில் லைட்டைக் கட்டிக்கொண்டு, இருட்டோடு இருட்டாக அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் பூப்பறிக்கப் போகிறார்கள். சாட்டின பிறகும் போகிறார்கள். திருவிழா நேரத்தில் பூவுக்கு விலை ஏறும், அப்போது இன்னும் அதிகமாகவே போகிறார்கள். அதைக் கேட்டேன். பெரியப்பா கொஞ்சம்கூடத் திணறவில்லை.

"அது பொழப்புத்தா. ஆத்தாளுக்கும் அந்தப் பூவத்தான சாத்துறோம். பூப்பறிக்கப் போறவள ஆத்தா தடுக்க மாட்டா."

பூவுக்காக இருட்டில் போகலாம், பந்துக்காகப் போகக் கூடாது. கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அப்புறம் அவர் சொன்னதையே மனசுக்குள் இன்னொரு தரம் ஓட்டிப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு நேராகக் கோல்கீப்பர் வீட்டுக்குப் போனேன்.

கோல்கீப்பருக்குப் பத்தொன்பது வயசு. அவள் அம்மாதான் பூப்பறிக்கிற செட்டுக்குத் தலைவி. எந்தத் தோட்டத்துக்கு எத்தனை ஆள் என்று அவர்தான் பிரித்து அனுப்புவார். பறித்த பூவை ஏற்றிக்கொண்டு ஒரு குட்டியானை வண்டி இருட்டிலேயே திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குக் கிளம்பும். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பதினோரு பேரும் பூப்பறிக்க வருகிறோம், அப்படியே அந்த வண்டியில் போய்விடுகிறோம் என்றேன். அவர் அடுப்பில் வெஞ்சனத்தைக் கிண்டிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாறதுன்னா வாங்க. ஆனா மொட்டு பறிக்கணும். சும்மா செடியத் தடவிட்டு வண்டியேறுற சோலி நம்மகிட்ட ஆகாது. ஆத்தா பாத்துக்கிட்டு இருக்கா."

அப்படித்தான் ஆட்டத்துக்கு முந்தின தூக்கத்தைத் தொலைத்தோம். நைட்டிக்குள் ஜெர்சி, இடுப்பில் மடிக்கட்டு, நெத்தியில் லைட். கோல்கீப்பர் மாதிரி நாலைந்து பேருக்குத்தான் பழக்கம். பட்டனைத் தட்டிவிட்ட மாதிரி விரல் ஓடும் அவர்களுக்கு. எங்கள் ஸ்ட்ரைக்கர் கல்லூரியில் படிக்கிறவள், மொட்டோடு சேர்த்து இலையையும் கிள்ளிப் போட்டுத் திட்டு வாங்கினாள். எனக்கு நிமிர்ந்தால் முதுகு பிடித்துக்கொண்டது. செட்டுத் தலைவி ஒவ்வொரு மடியையும் தொட்டுப் பார்த்த பிறகுதான் வண்டிக்கு விட்டார். வண்டிக்காரர் எங்களைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். மூட்டையில் யாரும் உட்காரக் கூடாது, பூ நசுங்கினால் மார்க்கெட்டில் தன்னைத்தான் கேட்பார்கள் என்றார். நியாயம்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தி காலில் ஒருத்தி நின்று, டவுன் வரைக்கும் நின்றுகொண்டே போனோம்.

பூ மார்க்கெட்டில் இறங்கி நைட்டியைக் கழற்றிப் பையில் திணித்துவிட்டு மைதானத்துக்கு ஓடினோம். ஆறு அடிக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. வந்துவிட்டோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தோசம் பாதி, தூக்கம் பாதி. பெண்கள் ஷூ லேஸைக் கட்டினார்கள். கோல்கீப்பர் விரலை நீவிவிட்டுக்கொண்டு கம்பத்துக்குக் கீழே போய் நின்றாள்.

எதிர்ப்பக்கம் ஒரு ஆள் இல்லை.

நடுவர் வாட்சைப் பார்த்தார். விதிப்படி பதினைந்து நிமிடம் நிற்க வேண்டும். நாங்கள் அவரவர் இடத்தில் நின்றோம். எதிரே வெறும் மண்ணும், நேற்று யாரோ விட்டுப்போன தண்ணீர் பாட்டிலும். பதினைந்து நிமிடம் முடிந்ததும் செயலாளர் அட்டையில் மாட்டின தாளோடு வந்தார். நல்ல உற்சாகம் அவருக்கு. ஆடாமலே மூன்று பாயின்ட் என்றார். எதிர் அணிக்கு இது இரண்டாவது தடவை, அவர்கள் பெயரை அடித்தாயிற்று, நீ இதில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் டிபன் வாங்கிக் கொடு என்று பேனாவை நீட்டினார்.

பேனாவை வாங்கினேன். வாங்கிக்கொண்டே எதிர் அணிக் கேப்டனுக்குப் போன் போட்டேன். முந்தின சீசனில் என் விலாவில் முழங்கையை இறக்கியவள் அவள். அதற்கு அப்புறம் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. எடுத்ததும் பஸ் இரைச்சல் கேட்டது.

"எங்கூர்லயும் நோம்பி சாட்டியாச்சுங்க்கா" என்றாள். "ராத்தங்க உடமாட்டேனுட்டாங்க. வெளுத்ததும் மொதப் பஸ்ஸப் புடிச்சுட்டோமுங்க. எட்டு மணி தாண்டிருமாட்ட இருக்குது. நீங்க எப்படீங்க்கா போனீங்க?"

பூப்பறிக்கிற சாக்கில் வந்தோம் என்று சொன்னேன்.

"உங்களுக்குப் பூ இருக்குதுங்க. எங்களுக்கு முருங்கக்காய்தானுங்க. அத விடிஞ்சுதானுங்களே ஒடிப்பாங்க."

சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இரண்டு ஊர், இரண்டு மாரியம்மன், ஒரே கட்டு. எங்கள் ஊரில் மல்லிகை விளைவதால் எங்களுக்கு லீக் உண்டு, அவர்கள் ஊரில் முருங்கை விளைவதால் அவர்களுக்கு இல்லை. வராதவர்களை அடிப்பது என்றால், அந்தப் பூ இல்லாவிட்டால் நாங்களும் இன்றைக்கு அடிபட வேண்டியவர்கள்தான். செயலாளரிடம் போய், அவர்கள் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார்கள், காத்திருக்கிறோம், கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். அவர் முகத்தில் சிரிப்புக் குறைந்தது. வந்தால் ஆண்கள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்றார்.

இதற்கு அப்புறம் நடந்ததைப் போராட்டம் என்று பிறகு சிலர் சொன்னார்கள். அப்படியெல்லாம் இல்லை. இருட்டில் எழுந்து, குனிந்து பூப்பறித்து, வண்டியில் நின்றே வந்த பிள்ளைகள். எவ்வளவு நேரம்தான் நிற்பார்கள்? நடு வட்டத்துக்குள் ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தார்கள். கோல்கீப்பர் படுத்தே விட்டாள். ஆண்கள் அணிகள் வர ஆரம்பித்தன. வாழைப்பழம், குளுக்கோஸ், புது வலைப்பை நிறையப் பந்துகள். அதில் ஒருத்தன் மூக்கை உறிஞ்சிவிட்டு, என்னடா கிரவுண்டு பூக்கடை மாதிரி மணக்குது என்றான். நாங்கள் நகரவில்லை. எட்டு மணி நெருங்கியதும் செயலாளர் வேகமாக வந்தார். இப்போது சிரிப்பே இல்லை.

"எந்திரிங்கம்மா. எந்திரிக்கலேன்னா உங்க டீமையும் சேத்து அடிச்சிருவேன். வெளையாட்டுக்குச் சொல்லல."

எனக்குப் பயம் வந்தது. பொய் சொல்ல என்ன இருக்கிறது, நல்ல பயம். மூன்று வருடத்து டீம். சற்று முன்தான் எங்கள் இடத்தைக் காப்பாற்றியிருந்தோம். ஒரு கையெழுத்துப் போட்டால் பத்திரமாக ஊருக்குப் போய்விடலாம். முழங்கையால் இடித்தவளுக்காக நான் ஏன் இதைப் பணயம் வைக்க வேண்டும்? பெண்களைப் பார்த்தேன். நீங்களே சொல்லுங்கள் என்றேன். படுத்திருந்த கோல்கீப்பர் கண்ணைக்கூடத் திறக்காமல் கேட்டாள்.

"அவங்களையும் அடிச்சிட்டா, அப்புறம் நாம யாரு கூடக்கா வெளாடுறது?"

நான் செயலாளரிடம் திரும்பினேன். அத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது.

"ராத்தங்கக் கூடாதுன்னுதான் சார் ஆத்தா சொன்னா. ஆறு மணிக்கு மேட்ச் வைன்னு அவ சொல்லல. அது நீங்க வச்சது."

அவர் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. அதுவரைக்கும் வாயே திறக்காத நடுவர்தான் உள்ளே வந்தார். வாக்குவாதம் பண்ணுகிற நேரத்துக்கு இருபது இருபது நிமிடம் ஆட்டத்தை ஊதி முடித்துவிடலாம் என்றார். அந்தச் சமயம் பார்த்து மைதானத்துக் கேட் பக்கம் சத்தம். எதிர் அணிப் பெண்கள் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டிலிருந்தே ஓடி வந்தார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓடியிருக்கிறார்கள். ஆண்கள் அணிக் கேப்டன் ஒருவர் வாட்சைத் தட்டிக் காட்டி முனகினார். மற்றவர்கள் எல்லைக்கோட்டுக்கு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்கள். செயலாளர் அடித்த பெயரைத் தாளில் திரும்ப எழுதிக்கொண்டார்.

ஆடினோம். வெயில் நன்றாகவே ஏறியிருந்தது, யாரும் சாகவில்லை. நாற்பது நிமிடத்தில் ஒரே ஒரு கோல், அதுவும் எங்களுக்கு எதிராக விழுந்தது. சாதாரணமாக எங்கள் கோல்கீப்பர் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கிற பந்து. விரலில் பட்டு நழுவி உள்ளே போனது. அவள் கையை விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். மொட்டுக் கிள்ளிக் கிள்ளி நகக்கண் எல்லாம் பச்சையாகக் கிடந்தது. முழங்கைக்காரி வந்து என் கையைக் குலுக்கிவிட்டு, தேங்க்ஸுங்க்கா என்றாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பரவாயில்லை என்றேன். பரவாயில்லை என்பதெல்லாம் சும்மா. ஆடாமல் கிடைத்த மூன்று பாயின்டைத் திருப்பிக் கொடுத்து, ஆடித் தோற்றிருந்தேன். திரும்புகிற பஸ்ஸில் எங்கள் ஸ்ட்ரைக்கர் என் பக்கத்தில் உட்காரவில்லை.

ஊரில் இறங்கியபோது மத்தியானம். பெரியப்பா பந்தலுக்குக் கீழே கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். ஜெயிச்சீங்களா என்றார். இல்லை என்றேன். பிறகு எதுக்கு இம்புட்டுக் கூத்து என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். எங்கள் வண்டிப் பயணம் அவருக்குத் தெரியும் என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. நான் கடைக்கு லேட்டாகப் போய் முதலாளியிடமும் ஒரு பாட்டு வாங்கினேன்.

புதன்கிழமையோடு திருவிழா முடிந்தது. பொங்கல் வைத்தோம், முளைப்பாரி கரைத்தோம், கட்டு அவிழ்ந்தது. இனி யார் எங்கே வேண்டுமானாலும் ராத்தங்கலாம். வியாழக்கிழமை வாட்ஸாப்பில் லீக்கின் அட்டவணை வந்தது. அடுத்த ஆட்டமும் எங்களுக்குத்தான், நத்தம் பெண்களோடு. ஞாயிறு, காலை ஆறு மணி.

அந்த மெசேஜை எத்தனை தரம் பார்த்தேனோ. நடு வட்டத்தில் உட்கார்ந்தது, நான் பேசியது, ஒன்பது மணி வெயிலில் ஓடியது, எதுவுமே நடக்காத மாதிரி இருந்தது. செயலாளர் எங்களைப் பழிவாங்கினாரா என்றால் அதுவும் இல்லை. போன மாத அட்டவணையை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறார். பழிவாங்கியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும், எங்களைப் பற்றி அவர் நினைத்திருக்கிறார் என்று ஆகும்.

லீக் குரூப்பில் "ஒன்பது மணி சார்" என்று போட்டேன். கொஞ்ச நேரத்தில் முழங்கைக்காரி "ஒன்பது மணிங்க" என்று போட்டாள். நத்தம் கேப்டன் போட்டாள், எரியோட்டுக்காரி போட்டாள். ராத்திரிக்குள் ஆறு கேப்டன்களும் போட்டாயிற்று. செயலாளர் பார்த்துவிட்டார் என்று நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை. வெள்ளிக்கிழமையும் இல்லை. சனிக்கிழமை மத்தியானம் எங்கள் டீமைக் கண்மாயில் உட்கார வைத்துப் பேசினேன். நாளைக்கு ஆறு மணிக்கு அங்கே இல்லையென்றால் நமக்கு இரண்டாவது தடவை, பெயரை அடிக்கலாம், முழு உரிமை அவர்களுக்கு இருக்கிறது என்று ஒளிக்காமல் சொன்னேன். நத்தம் பெண்களும் முதல் பஸ்ஸில்தான் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அவர்கள் வார்த்தை மாறினால் நாம் மட்டும் மாட்டுவோம் என்றும் சொன்னேன். ஸ்ட்ரைக்கர்தான் முதலில் எழுந்தாள். நான் வீட்டுக்குப் போறேன்க்கா, காலையில பஸ் ஸ்டாப்புக்கு வாரேன் என்றாள். அன்றைக்குச் சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு யாரும் கிளம்பவில்லை. கட்டு அவிழ்ந்த பிறகும் பதினோரு பேரும் அவரவர் வீட்டில்தான் படுத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறினோம். ஜன்னலோரம் கோல்கீப்பர், அன்றைக்குப் பூப்பறிக்கப் போகாமல் நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு இருந்தாள். சின்னாளபட்டி நெருங்கும்போது போன் அடித்தது. செயலாளர்.

எங்கே இருக்கிறீர்கள், மணி ஆறே கால், மைதானத்தில் ரெண்டு டீமையும் காணோம், நடுவர் மட்டும் விசிலோடு நிற்கிறார் என்று கத்தினார். நத்தம் பெண்களும் வரவில்லை என்று தெரிந்ததும் எனக்கு மூச்சு வந்தது. பஸ்ஸில் வந்துகொண்டே இருக்கிறோம், ஒன்பது மணிக்கு ஆடத் தயாராக நிற்போம் என்றேன். எட்டு மணிக்கு ஆண்கள் ஆட்டம் இருக்கிறதே, அவர்களை நான் எங்கேம்மா கொண்டுபோய் வைப்பது என்றார்.

"அவங்கள ஆறு மணிக்கு வரச் சொல்லிருக்கலாம்ல சார்" என்றேன். "நேத்து ராத்திரி ஸ்கூல் ரூம் காலியாத்தான கெடந்துச்சு. ராத்தங்கிருப்பாங்க."